மிகைத்துடிப்பும் நம் ஊர் வெப்பமும்



கணினி வாங்கப் போகும்போது நாம் முதலில் கேட்கும் கேள்வி, "இது எத்தனை கிகாஹெர்ட்ஸ்?" என்பதுதான். பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் அந்த எண்ணைப் பெரும்பாலோர் முடிந்த முடிபாக ஏற்றுக்கொள்கிறார்கள். வெகுசிலர் மட்டும் அதைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டு, அதற்கு மேலே எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்கிறார்கள். அந்த வெகுசிலர் செய்யும் வேலைக்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். இக்கட்டுரையில் அதை 'மிகைத்துடிப்பு' என்று எழுதுகிறேன். அதேபோல் 'நுண்செயலி' என்று நான் குறிப்பிடுவது கணினியின் மூளையாகிய சில்லை. 'செயலி' என்று சுருக்கினால் கைபேசியில் இறக்கிக்கொள்ளும் ஆப் என்று நினைத்துவிடுவீர்கள். பத்திருபது ஆண்டுகளுக்கு முன் இந்தச் சிக்கல் இல்லை என்று நம் மன்றத்து முன்னாள் மாணவர்கள் சொல்வார்கள்.

நான் இறுதியாண்டுப் பொறியியல் மாணவன். அக்கரையில் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள், பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, அதன்பின் இங்கே. தேக்காவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் வாடகை அறையில் இருக்கிறேன். கட்டடங்களுக்கு இடையே காற்று எப்படி நகர்கிறது என்று கணினியில் கணிப்பதே என் இறுதியாண்டு ஆய்வு. ஒரு கணிப்பு முடியப் பத்து மணி நேரம் ஆகும். ஆய்வு முழுமை பெற நாற்பது கணிப்புகள் தேவை. ஆகமொத்தம் 400 மணி நேரம். பல்கலைக்கழகப் பொதுக் கணினிகளில் வரிசை நீளம். புதுக் கணினி வாங்கப் பணம் இல்லை. கையில் இருப்பது பழைய பொருளாக வாங்கிய இன்டெல் ஐ7-8700கே, 2017-இல் வெளிவந்த ஆறு கரு நுண்செயலி. ஆக, எனக்கு மிகைத்துடிப்பு பொழுதுபோக்கு அன்று. மார்ச் மாதத்துக்குள் ஆய்வேட்டை ஒப்படைக்க முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கும் கணக்கு.

துடிப்பு எங்கிருந்து வருகிறது?

கணினியின் தாய்ப்பலகையில் அடிப்படைத் துடிப்பு ஒன்று உருவாகிறது. இன்றைய கணினிகளில் பெரும்பாலும் அது 100 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்குப் பத்துக் கோடித் துடிப்புகள். நுண்செயலி அதை ஓர் எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. என்னுடைய சில்லின் ஆறு கருக்களும் ஒருசேர உழைக்கும்போது பெருக்கெண் 43. எனவே வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே சமிக்ஞைகள் பல டிரான்சிஸ்டர்களைக் கடந்து, 0 அல்லது 1 என்று நிலைகொள்ள வேண்டும். அது நிலைகொள்ளும் முன்பே அடுத்த துடிப்பு வந்துவிட்டால், பாதி வழியில் இருந்த விடை முழு விடையாகப் பதிவாகிவிடும். பரீட்சை மண்டபத்தில் எழுதி முடிக்கும் முன்பே விடைத்தாளைப் பிடுங்கிக்கொள்வதைப் போல.

மின்னழுத்தத்தைக் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் விரைவாக நிலைமாறும். ஆகவே வேகத்தைக் கூட்டுபவர் விரைவிலேயே மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டிவரும். இந்த இரண்டும் சேர்ந்து நடப்பதுதான் தொல்லைக்கெல்லாம் மூலம். அதற்குப் பிறகு வருகிறேன்.

தயாரிப்பாளர் 4.3 என்று குறித்த சில்லு 4.7-இல் எப்படி ஓடுகிறது? ஒரே சிலிக்கன் வட்டிலிலிருந்து வெட்டி எடுத்த சில்லுகள்கூட ஒரே தரத்தில் அமைவதில்லை. அவற்றுள் நலிந்ததும், தூசி படிந்த ஒரு கடையின் மூலையில், பல ஆண்டுகள் பிழையின்றி ஓட வேண்டும் என்ற கணக்கில்தான் தயாரிப்பாளர் வேகத்தைக் குறிக்கிறார். நம் கைக்கு வந்தது சற்று நல்ல சில்லாக இருந்தால், குறித்த வேகத்துக்கும் இயலும் வேகத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். மிகைத்துடிப்பாளர் அந்த இடைவெளியில்தான் பிழைக்கிறார்.

அந்த இடைவெளி முன்பு பெரிதாக இருந்தது. 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ இதில் புகழ்பெற்ற பெயர். அதன் பெருக்கெண் 4.5, அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ். தாய்ப்பலகையில் அந்த 66-ஐ 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450-இல் ஓடியது. அதாவது 50 விழுக்காடு வேகம் இலவசம்! பல மடங்கு விலைகொண்ட பென்டியம் 2-இன் வேகத்தை மாணவர்கள் எட்டிப் பிடித்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து ஏஎம்டியின் டியூரான் வந்தது. அதன் மேற்பரப்பிலிருந்த சிறு புள்ளிகளைப் பென்சிலால் கோடு போட்டு இணைத்தால் பெருக்கெண்ணின் பூட்டுத் திறந்துகொள்ளும். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பது நாம் அறிவியல் வகுப்பில் படித்தது. அதற்கு இப்படியும் ஒரு பயன் இருந்தது. அந்நாளில் படித்த அண்ணன்மார்கள் ரோச்சோரில் இருக்கும் சிம் லிம் ஸ்குவேரில் மாடி மாடியாக ஏறி விலை கேட்டிருப்பார்கள். பழைய உதிரிப் பாகங்களுக்குச் சுங்கை ரோடு சந்தை இருந்தது. அது 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. என் போன்றவர்களுக்கு அது கதையாகக் கேட்ட இடம்.

இன்று அந்த இடைவெளியைத் தயாரிப்பாளர்களே தின்றுவிடுகிறார்கள். 'டர்போ', 'பூஸ்ட்' என்ற பெயர்களில் சில்லு தானாகவே தன் எல்லைவரை ஓடிப் பார்க்கிறது. நமக்கு மிஞ்சுவது ஐந்து முதல் பத்து விழுக்காடு. அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதே இனிப் பார்க்க வேண்டியது.

வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு

தமிழ்ப்பள்ளியில் எங்கள் அறிவியல் ஆசிரியை இந்த இரண்டு சொற்களையும் குழப்பினால் விடமாட்டார். வெப்பம் என்பது ஆற்றல். வெப்பநிலை என்பது அளவு. இடைநிலைப்பள்ளியில் அதுவே மலாயில் ஹாபா, சூஹு என்று வந்தது. மூன்று மொழியில் படித்தும் கணினிக் கடை வாசலில் நம்மில் பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். "என் கணினி 90 டிகிரி, அறை கொதிக்கிறது" என்கிறோம். அறையைச் சூடாக்குவது 90 டிகிரி அன்று, சில்லு வெளியிடும் வாட். பெரிய குளிர்விப்பானைப் பொருத்திச் சில்லை 60 டிகிரிக்குக் கொண்டுவந்தாலும், 130 வாட் வெப்பம் அப்படியே அறைக்குள்தான் வந்து விழும். இடம் மாறியதே தவிர, அது எங்கும் ஓடிப்போகவில்லை.

சில்லு எத்தனை வாட் வெளியிடும்? அதற்கொரு எளிய விதி உண்டு. வெளியிடும் திறன், துடிப்பின் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருபடிக்கு நேர் விகிதத்திலும் இருக்கும். 'இருபடி' என்ற சொல்லைத் தயவுசெய்து கவனியுங்கள்.

என் சில்லு 4.3 கிகாஹெர்ட்சில் 1.18 வோல்ட் வாங்கி, என் கணிப்பை ஓட்டும்போது ஏறத்தாழ 100 வாட் வெளியிட்டது. அதை 4.7-க்கு ஏற்றினேன். அந்த வேகத்தில் நிற்க அதற்கு 1.28 வோல்ட் தேவைப்பட்டது. வேகம் கூடியது 9.3 விழுக்காடு. மின்னழுத்தம் கூடியது 8.5 விழுக்காடு, அதை இருபடியாக்கினால் 17.7 விழுக்காடு. இரண்டையும் பெருக்கினால் வெப்பம் கூடியது 28 விழுக்காட்டுக்கும் மேல். அதாவது 129 வாட். ஒன்பது கொடுத்து இருபத்தெட்டு வாங்கும் வியாபாரம் இது. தேக்காவில் எந்தக் காய்கறிக் கடைக்காரரும் இதற்குச் சம்மதிக்கமாட்டார்.

இனி வெப்பநிலைக்கு வருவோம். ஒவ்வொரு குளிர்விப்பானுக்கும் வெப்பத்தடை என்று ஓர் எண் உண்டு. ஒரு வாட்டுக்குச் சில்லு, சுற்றியுள்ள காற்றைவிட எத்தனை டிகிரி கூடுதலாகச் சூடாகும் என்பதே அந்த எண். என் குளிர்விப்பானும் சில்லும் சேர்ந்து, நான் அளந்தபடி, வாட்டுக்கு 0.42 டிகிரி. 100 வாட்டுக்கு 42 டிகிரி, 129 வாட்டுக்கு 54 டிகிரி. இது சுற்றியுள்ள காற்றுக்கு மேலே ஏறும் அளவு. காற்று எத்தனை டிகிரியோ அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இங்குதான் நம் ஊர் குறுக்கே வந்து நிற்கிறது. வெளிநாட்டுச் சோதனைக் கூடங்களில் குளிர்விப்பான்களை 20 முதல் 25 டிகிரி அறையில் வைத்துச் சோதிப்பார்கள். சிங்கப்பூரில் பிற்பகல் வெப்பநிலை சாதாரணமாகவே 31 முதல் 33 டிகிரி. இங்குப் பதிவான உச்சம் 37 டிகிரி: 1983 ஏப்ரலில் தெங்காவில் ஒருமுறை, 2023 மே மாதம் அங் மோ கியோவில் மறுமுறை. என் அறையில் குளிர்சாதனம் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை மட்டும் என்பது வீட்டுக்கார அம்மாவின் விதி. மின்கட்டணத்தைப் பார்த்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆக, பகலில் அறை 31 டிகிரி. கணினிப் பெட்டிக்குள் இன்னும் 5 டிகிரி கூடி 36. அதன்மேல் 42 என்றால் 78. 54 என்றால் 90. என் சில்லு 100 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 22 டிகிரி அறையில் இருக்கும் ஒருவருக்கு அதே 4.7-இல் 81 டிகிரிதான் வரும். அவர் நிம்மதியாக 4.8-க்குப் போவார். நாம் போக முடியாது.

எனவே வெளிநாட்டுச் சோதனை முடிவுகளைப் படிக்கும்போது, வெப்பநிலையிலிருந்து அவர்கள் அறையின் அளவைக் கழித்துவிட்டு நம் அறையின் அளவைக் கூட்டிப் பாருங்கள். நல்ல சோதனையாளர்கள் கழித்த எண்ணையே தருவார்கள்.

தோசைக்கல்லும் இட்லிப் பானையும்

சில்லின் மேல்மூடியும் குளிர்விப்பானின் அடித்தளமும் பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும், நுண்ணிய மேடுபள்ளங்கள் நிறைந்தவை. இடையே காற்று தங்கிவிடும். காற்று மிக மோசமான வெப்பக் கடத்தி. செம்பின் கடத்துதிறன் ஏறத்தாழ 400 என்றால் காற்றுக்கு 0.03-கூட இல்லை. வெப்பப்பசை அந்தக் காற்றை வெளியேற்றி அதன் இடத்தில் அமர்கிறது. ஆனால் பசையின் கடத்துதிறனும் பெரும்பாலும் பத்துக்கு உட்பட்டதுதான். காற்றைவிடப் பன்மடங்கு மேல், செம்பைவிடப் பன்மடங்கு கீழ். எனவே பள்ளத்தை நிரப்பும் அளவுக்குத்தான் அது இருக்க வேண்டும். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா ஊற்றமாட்டார், தடவுவார். நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதாக இடுங்கள். பழைய கணினி வாங்கியவர்கள் முதல் வேலையாக இதைச் செய்யலாம். காய்ந்து மண்ணாகிப்போன பசையை மாற்றியதில் மட்டும் எனக்கு 9 டிகிரி குறைந்தது.

என் சில்லில் இன்னொரு சங்கதி உண்டு. 8700கே-யின் மேல்மூடிக்குக் கீழே, சில்லுக்கும் மூடிக்கும் இடையிலும் இன்டெல் பசையைத்தான் வைத்தது. அடுத்த ஆண்டு வந்த 9900கே-யில் அதை உலோகப் பற்றாக மாற்றியது. சிலர் மூடியைப் பெயர்த்து உள்ளே திரவ உலோகம் இட்டுப் பத்து டிகிரிக்கும் மேல் குறைக்கிறார்கள். நான் செய்யவில்லை. சில்லின் ஓரம் சிறிதே உடைந்தாலும் ஆய்வு போய்விடும்.

குளிர்விப்பானின் செப்புக் குழாய்கள் கெட்டியானவை அல்ல. உள்ளே சிறிதளவு நீர், குறைந்த அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. சில்லின் சூட்டில் அது ஆவியாகி மேலே போய், தகடுகளுக்கிடையே குளிர்ந்து, துளியாகி, குழாயின் உட்சுவரில் உள்ள திரி போன்ற அமைப்பின் வழியே கீழே திரும்புகிறது. இட்லிப் பானையின் மூடியில் நீராவி பட்டுத் துளித்துளியாய்ச் சொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

நீர்க்குளிர்விப்பு இதைவிட மேலானதா என்று பலர் கேட்கிறார்கள். நீர், வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சுமந்து செல்கிறது, அவ்வளவே. மறுமுனையில் காற்றாடிதான் அதை அறைக்குள் தள்ளுகிறது. 31 டிகிரி அறையில் அந்த நீர் 31-க்குக் கீழே போகவே போகாது. என் சில்லுக்கு நல்ல காற்றுக் குளிர்விப்பானே போதும்; நீர் ஒழுகும் கவலையும் இல்லை.

பெட்டியின் முன்புறம் காற்றை உள்ளிழுக்க இரு காற்றாடிகள், பின்புறம் வெளியேற்ற ஒன்று. இது எல்லா நூல்களிலும் இருப்பதுதான். தேக்காவுக்கென்று நான் சேர்க்க விரும்புவது எண்ணெய்ப் புகை. கீழே சாப்பாட்டுக் கடை. தாளிப்புப் புகையில் வரும் எண்ணெய், தூசியோடு சேர்ந்து குளிர்விப்பானின் தகடுகளில் பிசினாகப் படிகிறது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் தன் பங்குக்கு வந்து சேரும். இந்தப் படிவை ஊதி எடுக்க முடியாது. கழற்றித் துடைக்கத்தான் வேண்டும். காற்று நுழையும் பக்கத்தில் மெல்லிய வடிவலையை வைத்து வாரம் ஒருமுறை கழுவுகிறேன். சிலர் பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு மேசைக் காற்றாடியை நேரே திருப்பிவைப்பார்கள். உண்மையில் அது வேலை செய்யும். ஒரு மாதம் கழித்து உள்ளே பாருங்கள், நான் சொல்வது புரியும்.

அறை வெப்பநிலைக்குக் கீழே சில்லைக் கொண்டுபோகும் முறைகளும் உள்ளன. 2022-இல் முதன்முறையாக ஒரு நுண்செயலி 9 கிகாஹெர்ட்சைத் தாண்டியது திரவ ஹீலியத்தின் உதவியால். அதெல்லாம் சாதனைக்காகச் சில நிமிடம் ஓட்டிக் காட்டுவது. நம் ஊரில் இதற்கு இன்னொரு தடையும் உண்டு. இங்குப் பனிநிலை பெரும்பாலும் 24 முதல் 26 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எதன்மேலும் காற்றிலுள்ள ஈரம் நீராய்ப் படியும். பனிக்கட்டி இட்ட மைலோ குவளைக்கு வெளியே வழிகிறதே, அதுதான். தாய்ப்பலகையில் வழிந்தால் கதை முடிந்தது. திரவ நைட்ரஜன் பயன்படுத்துவோர் பலகை முழுவதும் வாசலின் பூசியும், பிசையும் அழிப்பானை அப்பியும் ஈரத்தைத் தடுக்கிறார்கள்.

தீவு முழுவதும் இதே கணக்கு

என் அறையில் நடக்கும் இந்த மல்லுக்கட்டு, பெரிய அளவில் நாடு முழுவதும் நடக்கிறது. தரவு மையங்கள் சிங்கப்பூரின் மொத்த மின்சாரத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டைப் பயன்படுத்துவதாக 2020-ஆம் ஆண்டுக் கணக்கு. புதிய தரவு மையங்களுக்கு 2019 முதல் 2022 தொடக்கம்வரை அனுமதி நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. காரணம் நமக்குத் தெரிந்ததுதான்: கணிப்பதற்கு ஒரு பங்கு மின்சாரம், அந்த வெப்பத்தை வெளியே தள்ள இன்னொரு பங்கு.

2023-இல் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம், வெப்பமண்டலத் தரவு மையங்களுக்கென ஒரு தரநிலையை வெளியிட்டது. அறையை 22 டிகிரியில் உறையவைக்காமல் படிப்படியாக 26 டிகிரிக்கும் மேலே உயர்த்தலாம் என்பது அதன் சாரம். ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் குளிரூட்டும் ஆற்றலில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சம் என்கிறார்கள். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து கெண்ட் ரிட்ஜில் இதற்கென ஒரு சோதனைத் தளமே நடத்துகின்றன. 23 மில்லியன் வெள்ளித் திட்டம். சர்வர்களை நேரடியாகத் திரவத்தில் மூழ்கவைப்பது போன்ற முறைகளை அங்குச் சோதிக்கிறார்கள்.

குளிரூட்டல் தவறினால் என்ன ஆகும் என்பதை 2023 அக்டோபர் 14-ஆம் தேதி நாம் கண்டோம். ஒரு தரவு மையத்தில் குளிர்நீர் அமைப்பை மேம்படுத்தும் பணியின்போது குளிர்நீர் வால்வுகள் மூடிக்கொண்டன. வெப்பநிலை ஏறியது. டிபிஎஸ், சிட்டிபேங்க் ஆகிய இரு வங்கிகளின் சேவைகள் பல மணி நேரம் முடங்கின. ஏறத்தாழ 2.5 மில்லியன் பணப் பரிமாற்றங்கள் நிறைவேறவில்லை. அது ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். கைபேசியைக் காட்டிப் பணம் செலுத்தப் பழகியவர்கள் கடை வாசலில் விழித்துக்கொண்டு நின்றதற்கு அடிப்படைக் காரணம், எங்கோ சில சில்லுகளின் வெப்பத்தை எடுத்துச் செல்ல நீர் வரவில்லை என்பதே.

சத்தமில்லாத பிழை

நான் இக்கட்டுரையை எழுத முக்கியக் காரணம் இந்தப் பகுதிதான். மிகைத்துடிப்பு பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு ஆபத்துகளைச் சொல்வார்கள்: கணினி உறைந்து நிற்கும், அல்லது சில்லு எரிந்துபோகும். உறைந்து நின்றால் நல்லது என்பேன். ஏதோ தவறு என்று நமக்குத் தெரிந்துவிடுகிறதே! கணினி நிற்காமல், எச்சரிக்காமல், புன்னகையோடு தவறான விடையைத் தந்தால் என்ன செய்வீர்கள்?

இது கற்பனை அன்று. 2021-இல் பேஸ்புக் நிறுவனப் பொறியாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களின் தரவு மையத்தில் ஒரு சில்லின் ஒரு கரு மட்டும், 1.1-ஐ 53 முறை பெருக்கி முழு எண்ணாக்கினால் 156 வரவேண்டிய இடத்தில் 0 என்று விடை தந்தது. மற்றக் கணக்குகளெல்லாம் சரி. அந்த 0 காரணமாகச் சில கோப்புகள் வெறுமையானவை என்று கருதப்பட்டுக் காணாமற்போயின. இத்தனைக்கும் அந்தச் சில்லை யாரும் முடுக்கவில்லை. தயாரிப்பாளர் குறித்த வேகத்தில்தான் ஓடியது. அதே ஆண்டு கூகுள் பொறியாளர்களும் இத்தகைய கருக்களைப் பற்றி எழுதினார்கள். இடைவெளி விட்டு ஓட்டும் சில்லிலேயே இது நடக்கும் என்றால், அந்த இடைவெளியைத் தின்றுவிட்டு ஓட்டும் நம் சில்லை எவ்வளவு நம்பலாம்?

விளையாடுபவருக்கு ஒரு புள்ளி நிறம் மாறித் தெரிந்தால் நட்டமில்லை. எனக்கு ஓர் இலக்கம் மாறினால் ஆய்வேட்டின் முடிவே மாறலாம். யாருக்கும் தெரியவும் தெரியாது. எனவே வழக்கமான சோதனைகளோடு ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்.

வழக்கமானவை இவை. பெருக்கெண்ணை ஒவ்வொன்றாக ஏற்றி, பிரைம்95 போன்ற நிரலை இருபது நிமிடம் ஓட்டி, நின்றால் மின்னழுத்தத்தை 0.01 அல்லது 0.02 வோல்ட் கூட்டி, மீண்டும் ஓட்ட வேண்டும். நிலைத்தபின் பல மணி நேரம் ஓட்ட வேண்டும். நினைவகத்துக்கு மெம்டெஸ்ட்86. இவற்றைப் பிற்பகல் மூன்று மணிக்குச் செய்யுங்கள். குளிர்சாதனம் ஓடும் நள்ளிரவில் தேறிய சில்லு, பகல் வெயிலில் தவறும். சூடேறிய சில்லுக்கு அதே வேகத்தில் நிற்கக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுவதே காரணம்.

நான் சேர்த்தது இது. ஒரு சிறிய கணிப்பைத் தயாரிப்பாளர் குறித்த வேகத்தில் ஓட்டி, முடிவுக் கோப்பைப் பத்திரப்படுத்தினேன். பிறகு அதையே மிகைத்துடிப்பில் பலமுறை ஓட்டி, ஒவ்வொரு முறையும் கோப்பு ஒரு பிட்டுகூட மாறாமல் பொருந்துகிறதா என்று பார்த்தேன். பல கருக்கள் சேர்ந்து கணிக்கும்போது கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் மாறுவது இயல்பு. ஆகவே வரிசையை நிலையாக வைத்தே ஓட்ட வேண்டும். 4.7-இல், 1.28 வோல்ட்டில், பிரைம்95 எட்டு மணி நேரம் பிழையின்றி ஓடியது. ஆனால் என் கணிப்பை முப்பது முறை ஓட்டியதில் ஒருமுறை பொருந்தவில்லை. கணினி நிற்கவில்லை, எச்சரிக்கை ஏதுமில்லை. நேரம் பிற்பகல் இரண்டரை, சில்லு 91 டிகிரி.

மின்னழுத்தத்தை இன்னும் கூட்டியிருக்கலாம். அதற்கும் விலை உண்டு. 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைச் சில்லுகள் பல நிலைதடுமாறின. தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தம் சில்லின் உட்பகுதியை மெல்ல மெல்ல நலியச் செய்வது காரணம் என்று நிறுவனம் அறிவித்தது. உள்நிரலைத் திருத்தியதோடு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. நலிந்த சில்லுகளை அந்தத் திருத்தம் சீராக்கவில்லை. வெப்பத்தைக் காற்றாடியால் விரட்டலாம். அளவுக்கு மீறிய மின்னழுத்தம் செய்யும் சேதத்துக்கு அப்படி ஒரு மருந்து இல்லை.

ஆகவே எதிர்த்திசையிலிருந்து கணக்குப் போட்டேன். மின்னழுத்தத்தை 1.18-இலேயே நிறுத்திவிட்டு வேகத்தை மட்டும் ஏற்றினால் எங்குவரை போகும்? 4.5. அங்கே வெப்பம், வேகம் கூடிய அதே விகிதத்தில்தான் கூடுகிறது, இருபடி வட்டி இல்லை. 105 வாட், பகலில் 80 டிகிரி. நூறு முறை ஓட்டினேன், நூறும் பொருந்தின. 400 மணி நேரம் 382 ஆகக் குறைந்தது. 4.7 என்றால் 366 ஆகியிருக்கும். அந்த 16 மணி நேரத்தை விட்டுக்கொடுத்துவிட்டேன். முழுக் கணினியும் 200 வாட் இழுப்பதாகக் கொண்டால், 382 மணி நேரத்துக்கு 76 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு வைத்தால் 23 வெள்ளி. அதை வீட்டுக்கார அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

மடிக்கணினி வைத்திருப்போர், அதாவது நம்மில் பெரும்பாலோர், மிகைத்துடிப்பு பக்கமே போக வேண்டாம். அதன் மெல்லிய உடலுக்குள் இதற்கெல்லாம் இடமில்லை. உங்களுக்கு ஏற்றது இதன் மறுபக்கம்: வேகத்தை அப்படியே வைத்து மின்னழுத்தத்தைச் சிறிது குறைப்பது. என் சில்லில் 4.3-க்கு 1.10 வோல்ட் போதுமென்று கண்டேன். 100 வாட் 87 ஆகிறது, வெப்பநிலை 5 டிகிரி குறைகிறது, வேகம் மாறவில்லை. இருபடி இம்முறை நம் பக்கம். எல்லா மடிக்கணினிகளும் இதற்கு இடம்தருவதில்லை. தந்தாலும் மேலே சொன்ன பொருத்தச் சோதனையைச் செய்த பிறகே நம்புங்கள்.

வெப்பப்பசைக் குழல் இன்னும் பாதிக்குமேல் மிச்சமிருக்கிறது. பழைய கணினி வைத்திருப்போர், செவ்வாய்க்கிழமை மாலை மன்றக் கூட்டத்துக்கு வரும்போது குளிர்விப்பானின் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். துடைக்கும் துணி உங்களுடையது.